எண்ணெய்க் கணக்கு

'கோவில்பட்டி வீட்டார்' குழு
(தமிழாசிரியராக இருந்த தாத்தா வைத்த விதி: குழுவில் முழு வாக்கியத்தில்தான் எழுத வேண்டும்.)

வசந்தா அத்தை, காலை 6:52
தை மாதம் தொடங்கிய நடைக்கு இன்றோடு மூன்று மாதம் ஆகிறது. ஊருக்குப் போன நான்கு நாட்களைத் தவிர ஒரு நாளும் விடாமல், தினமும் முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறேன். இன்று எடை பார்த்தால் 71 கிலோ 70.4 ஆகியிருக்கிறது. செருப்பு தேய்ந்த அளவுக்குக்கூட நான் தேயவில்லை.

கதிர், 7:05
அம்மா, நடையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். மாலை ஆறு மணிக்கு மேல் எதையும் சாப்பிடாதீர்கள். என் அலுவலகத்தில் இரண்டு பேர் அப்படித்தான் இளைத்தார்கள்.

சண்முகம் சித்தப்பா, 7:11
நானும் இன்றிலிருந்து இரவு உணவை அடியோடு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, பகலில் கொள்ளு ரசம் போதும்.

தேன்மொழி, 7:30
சித்தப்பா, தயவுசெய்து இன்றே தொடங்க வேண்டாம். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்க நேரிடும். மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையின் அளவை அவர் மாற்றித் தந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொள்ளு நல்ல பயறுதான். ஆனால் அது உடம்பிலுள்ள கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைப்பதில்லை.

அத்தை, உங்கள் நடையில் குறையில்லை. உங்கள் எடைக்கு முக்கால் மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். அது நான்கு தேக்கரண்டி எண்ணெய்க்குக்கூட ஈடாகாது. வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?

வசந்தா அத்தை, 7:41
எங்கள் இருவருக்கும் மூன்று லிட்டர். கடலை எண்ணெய் இரண்டு, நல்லெண்ணெய் ஒன்று. நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லதாயிற்றே!

தேன்மொழி, 7:58
நல்லதுதான், ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மூன்று லிட்டரை இரண்டு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி, அதாவது 400 கலோரிக்கும் சற்று மேல். நீங்கள் மாதம் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் குறைத்தால் தினமும் மிச்சமாவது ஏறக்குறைய உங்கள் காலை நடைக்குச் சமம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால் மாதம் அரைக் கிலோ குறையும் என்று தாளில் விடை வரும். உடம்பு அவ்வளவு நேர்மையாகக் கணக்குக் காட்டாது, ஆனால் திசை சரியாக இருக்கும். விருந்தினர் வாங்கி வரும் கடலைமிட்டாயையும் எண்ணிக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பெருமையை நாமே தின்று தீர்க்க வேண்டியதில்லை.

வசந்தா அத்தை, 8:10
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரவு பாத்திரம் ஒழிக்கும்போது குண்டானில் இரண்டு கரண்டி சோறு மீந்திருக்கும்; வீணாகக் கூடாதென்று மோர் விட்டுப் பிசைந்து அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன். தட்டில் போடாததால் அதை இதுவரை சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

தேன்மொழி, 8:22
மீந்த பிறகு மனத்தோடு போராடுவதைவிட, உலை வைக்கும்போதே அரை ஆழாக்கு அரிசியைக் குறைத்துவிடுங்கள். அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ கூடுதலாக இருக்கட்டும். நம் தட்டில் சோறுதான் அதிகம், புரதம் குறைவு.

கதிர், 8:25
அப்படியானால் நடையை இன்னும் அரை மணி நேரம் கூட்டலாமா?

தேன்மொழி, 8:37
வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைச் சொல்கிறது. அத்தை ஏற்கெனவே 315 நிமிடம் நடக்கிறார்கள். அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அதைத்தான் நம் வீட்டில் யாரும் செய்வதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை என்று தொடங்கலாம். எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறையாமலிருக்க இது உதவும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

வசந்தா அத்தை, 9:02
நாடா 92 என்கிறது. தை மாதம் அளக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் போன தீபாவளிக்குப் பிரித்துவிட்ட ரவிக்கைத் தையலை மறுபடியும் போடச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன்; அது எந்தக் கணக்கில் வரும்?

தேன்மொழி, 9:04
அதுதான் முதல் வரவு, அத்தை. எடைக்கருவியை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள்.

வசந்தா அத்தை, 9:15
மளிகைச் சீட்டில் மூன்றை அடித்து இரண்டு லிட்டர் என்று எழுதிவிட்டேன். உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, அப்பளம் பொரிக்கும் எண்ணெயும் இதற்குள்தானா என்று கேட்கச் சொல்கிறார்.

தேன்மொழி, 9:16
இதற்குள்தான். சுட்டுக் கொடுங்கள்.