அதிதீவிரத் திகில் நூல்கள்: விருதுப் பட்டியலை வைத்து வாங்குவோர் உதவுங்கள்

நண்பர்களே, நூலகத்தில் அதிதீவிரத் திகிலுக்கு (ரத்தமும் வன்முறையும் வெளிப்படையாக வரும் திகில் வகை) தனி அலமாரி வைக்க, இந்த வகைக்கென்றே 2018 முதல் வழங்கப்படும் ஸ்ப்ளாட்டர்பங்க் விருதுதான் நல்ல வடிகட்டி. பிராம் ஸ்டோக்கர் விருது திகில் முழுவதையும் பார்ப்பதால் இந்த மூலைக்கு அவ்வளவாகப் பயன்படாது. வென்றதை மட்டும் வாங்கினால் அலமாரி நிறையாது. நாவல், குறுநாவல், தொகுப்பு என இறுதிப் பட்டியலையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அதுவும் உடனே. சிறு பதிப்பக நூல்கள் சீக்கிரம் அச்சில் இல்லாமல் போகும்.

சிக்கல் இதுதான்: ஆசிரியரே வெளியிடும் நூல்கள் பல நேரம் மொத்த விற்பனையாளரிடம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் திருப்பி அனுப்ப முடிவதில்லை. நீங்கள் எந்த வழியில் வாங்குகிறீர்கள்? உள்ளடக்க எச்சரிக்கை அட்டையிலா, நூற்பட்டியல் குறிப்பிலா? புகார் வந்தால் காட்டுவதற்காகத் தேர்வுக் கொள்கையில் விருதைக் குறிப்பிட்டிருப்பவர்கள் அந்த வரியை அப்படியே பகிர முடியுமா?