முழுப்பரீட்சை லீவில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அனுபவம்: எழுதுங்கள்

திருப்பூர் தையல்காரி

லீவு விட்டால் நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என்னுடையது மூன்று, எல்லாம் அஞ்சாம் வகுப்புக்குள். பள்ளிக்கூடம் நடக்கும்போது காலையில் உப்புமாவோ கிச்சடியோ அங்கேயே ஆகிவிடும், மதியம் சத்துணவு. நான் ராத்திரிக்கு உலை வைத்தால் போதும். மே வந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ரேஷன் அரிசி இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. தொட்டுக்கொள்ள எதைக் கொடுப்பது என்பதுதான் தினமும் பாடு.

போன மே மாசக் கடைசி. வீட்டில் மூன்று முட்டை இருந்தது. அவித்து, தையல் நூலால் பாதி பாதியாக அறுத்தேன். நூலில் அறுத்தால் மஞ்சள் கரு உதிராது. ஆளுக்குப் பாதி வைத்தேன். சின்னவள் தட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல முழுசா குடுப்பாங்கம்மா. ஸ்கூல் எப்பம்மா தொறப்பாங்க?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டாள். உடனே நாத்தனார் பையன், அவனுக்குப் பத்து வயசு, தன் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தான். இவள் அதைத் திருப்பி அவன் தட்டிலேயே வைத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

பாம்பன் கரை

உங்களுக்கு லீவு மட்டும். எங்களுக்கு லீவும் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்தே வரும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும். முன்னெல்லாம் 45 நாள்தான், 2017-லிருந்து இப்படி. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரத்தில் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை விலை கொடுத்து வாங்க வேண்டும், அதுவும் வள்ளத்து மீன் மட்டும் என்பதால் கொள்ளை விலை.

கரையில் ஒரு அக்கா கூடை வைத்திருந்தார். கால் கிலோ போதும் என்றேன். நிறுத்துப் போட்ட பிறகு இரண்டு கை காரல் மீனை அள்ளிப் பைக்குள் போட்டார். "அக்கா, என்கிட்ட இவ்வளவுதான் காசு" என்றேன். "படகு போகட்டும், பாத்துக்கலாம். புள்ளைகளுக்குச் சொதி வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் விலை பேசப் போய்விட்டார். அவர் வீட்டுக்காரரும் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்தான். அந்த வீட்டிலும் அன்றைக்கு வருமானம் அந்தக் கூடை மட்டும்.

ஆடுதுறை அத்தை

திருப்பூர் தங்கச்சிக்கு ஒன்று சொல்லணும். முட்டையை அவித்தால்தான் பங்கு போட வேண்டிவரும். மூன்று முட்டையை அடித்து, பொடியாக நறுக்கின வெங்காயம், உப்பு, ரெண்டு கரண்டி கடலை மாவு சேர்த்துப் பணியாரச் சட்டியில் ஊற்றி எடு. பத்துப் பன்னிரண்டு வரும். வெந்ததும் புளிக்குழம்பில் போடு, ஊறி உப்பிக்கொள்ளும். ஆளுக்கு ரெண்டு விழும், யாரும் பாதி என்று நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் காலைக்கு ஏன் தனியாகச் சமைக்கிறீர்கள்? ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோர், சின்ன வெங்காயம், வறுத்த மோர் மிளகாய். இந்த வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்? மிஞ்சின சோற்றில் சீரகம், பச்சை மிளகாய் அரைத்துப் போட்டு வடகம் பிழிந்து மாடியில் காயவை. மே மாசத்து வெயிலை விடாதே, மழைக்காலம் வரைக்கும் தொட்டுக்கொள்ள ஆச்சு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, இரண்டையும் ஒரு மாசம்கூட விடக் கூடாது. முருங்கைக்கீரை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். காற்றில் விழுந்த மாங்காய் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும், வெல்லம் போட்டுப் பச்சடி வைத்தால் பிள்ளைகள் சோற்றை வழித்துத் தின்னும். சாயங்காலம் கடைப் பாக்கெட்டுக்குப் பத்துப் பத்து ரூபாயாகக் கொடுக்காதே, அவித்த வேர்க்கடலை போதும்.

நாங்கள் பதினோரு பேர் இருந்த வீடு. அம்மா இப்படித்தான் எங்களை வளர்த்தார்.

வியாசர்பாடி அம்மா

அத்தை, கோபப்படாதீர்கள். வடகம் பிழிய மாடி எங்கே இருக்கிறது? நாங்கள் இருப்பது ஒற்றை அறை. காலை ஆறு மணிக்கு நாலு வீட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். பணியாரம் ஊற்றிக் குழம்பு வைத்துவிட்டுப் போக நேரம் இல்லை. மலிவாகச் சமைக்கத் தெரியாதவர்கள் என்று எங்களை நினைக்காதீர்கள். மலிவான சமையலுக்கு நேரம் ரொம்பப் பிடிக்கும், அந்த நேரத்தை விற்றுத்தான் நாங்கள் சம்பாதிக்கிறோம்.

லீவில் என் பிள்ளைகள் இரண்டையும் மதியம் அம்மா உணவகத்துக்குத்தான் கூட்டிப்போனேன். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3. ரெண்டு ரெண்டு வாங்கினால் 16 ரூபாய். இந்த விலைக்கு எந்த வீட்டிலும் பொங்க முடியாது. அங்கே நின்றுகொண்டுதான் சாப்பிடணும். சின்னவனுக்கு மேசை எட்டவில்லை, படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். பெரியவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பார்த்தால் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளும் அம்மாவோடு டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நேராக வந்து, "ஏய், நீயும் இங்கதானா?" என்று கேட்டு இவள் பக்கத்திலேயே தட்டை வைத்தாள். அதற்கப்புறம்தான் என் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடுதுறை அத்தை

நீ சொல்வது நியாயம்தான் அம்மா, நேரத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் பழைய சோற்றுக்கு நேரமும் வேண்டாம், மாடியும் வேண்டாம். அதை மட்டும் விடாதே.

சத்துணவு ஆயா

நான் சத்துணவு மையத்தில் சமையலர். பள்ளிக்கூடம் இருக்கிற தெருவிலேயே வீடு. லீவில் ஒரு நாள் மதியம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது படிக்கிற பையன் ஒருவன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டின கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆயா, இன்னைக்கும் லீவா?" என்றான். லீவு என்று அவனுக்குத் தெரியும். நான் உள்ளே போய் இருந்த ரசம் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். தம்பிக்கு முதலில் ஊட்டிவிட்டுத்தான் அவன் சாப்பிட்டான்.

இதில் பருப்பை எப்படி மிச்சம் பிடிப்பது, கீரையை எங்கே பறிப்பது என்று மட்டும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடிய 2020-ல் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் உலர் பொருளாகக் கொடுத்தோம். நானே அளந்து போட்டேன், தாய்மார்கள் பையோடு வந்து வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை லீவிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2004-ல் உத்தரவு போட்டது. ஆக, முடியாத காரியம் இல்லை. மையத்தில் பேர் பதிந்த பிள்ளைகளுக்கு மே மாதத்துக்கும் பருப்பும் முட்டையும் கொடுக்கட்டும். அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது.