304 வந்தா டேட்டாபேஸ் கொயரி ஓடாதாமே?

வைகைக்கரை:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், "எக்ஸ்பிரஸ் ஏபிஐ-க்கு ஒரு கேஷ் லைப்ரரி போட்டேன், ஈடேக் வேலை செய்ய ஆரம்பிச்சுது, 304 வந்ததும் டேட்டாபேஸ் லோட் காணாமப் போச்சு, எல்லாரும் போடுங்க"ன்னு. அதுக்கு அறுபது லைக். (புதுசா படிக்கிறவங்களுக்கு: எக்ஸ்பிரஸ்னா ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வர் எழுதுற ஃப்ரேம்வொர்க், கேஷ்னா ஒரு தடவை எடுத்த பதிலை மறுபடி குடுக்க எடுத்து வெக்கிறது, ஈடேக்னா பதிலோட போற அடையாளக் குறி, 304-ன்னா "மாறல, உன்கிட்ட இருக்கிற பழசையே வெச்சுக்கோ"ன்னு சர்வர் சொல்றது, கொயரின்னா டேட்டாபேஸ்கிட்ட கேட்கிற கேள்வி.) படிச்சதுலருந்து எனக்குத் தாங்கல. எக்ஸ்பிரஸ்ல ஈடேக்குக்கு எந்த லைப்ரரியும் வேணாம், ரெஸ்பான்ஸ் அனுப்புறப்ப அதுவே ஒரு வீக் ஈடேக் (பைட்டுக்குப் பைட் ஒண்ணுன்னு உறுதி சொல்லாத வகை) போட்டுத்தான் அனுப்புது. அதை எதை வெச்சுப் போடுதுன்னு அந்த அறுபது பேர்ல ஒருத்தராவது பாத்தீங்களா? கொயரி ஓடி, ஜேசன் ரெடியாகி, பாடி (பதிலோட உள்ளடக்கம்) முழுசா கைக்கு வந்தப்புறம் அதை ஹாஷ் பண்ணி (அதுலருந்து ஒரு சின்னக் குறி உருவாக்கி), கிளையண்ட் இஃப்-நன்-மேட்ச் ஹெடர்ல அனுப்பின பழைய ஈடேக்கோட ஒப்பிட்டு, ஒண்ணா இருந்தா 304. சமையல் முழுக்க முடிச்சு இலை முன்னாடி கொண்டுவந்துட்டு, "நேத்து வெச்ச அதே சாம்பார்தான்"னு திருப்பி எடுத்துட்டுப் போற மாதிரி. பரிமாறுற வேலைதான் மிச்சம், கேஸ் எரிஞ்சது எரிஞ்சதுதான்.

நோட்ராஜா:
அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே எழுதலாம், பயப்படாதீங்க. 304-ன்னா நாட் மாடிஃபைட். மாறலைன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க சர்வர் டேட்டாபேஸுக்குப் போகணும்? என் மானிட்டர்ல கொயரி கோடு தரையோட படுத்துடுச்சு, கண்ணால பாத்தேன். 304-ல கொயரி ஓடாது.

வைகைக்கரை:
மாறலைன்னு எப்படித் தெரியும், கனவுலயா? போய்ப் பாத்தாத்தானே தெரியும். இப்பத்தான் செஞ்சு பாத்துட்டு வரேன். ஹேண்ட்லரோட (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தயார் பண்ற ஃபங்ஷன்) முதல் வரில "கொயரி ஓடுது"ன்னு ஒரு கன்சோல் லாக் போட்டேன். கர்ல்ல (டெர்மினல்லருந்து ரிக்வெஸ்ட் அனுப்புற கருவி) முதல் தடவை அடிச்சா 200, அதாவது முழுப் பதில், 184 கேபி, 412 மில்லிசெகண்ட். வந்த ஈடேக்கை அப்படியே காப்பி பண்ணி இஃப்-நன்-மேட்ச்ல வெச்சு மறுபடி அடிச்சேன், 304, பாடி ஜீரோ பைட், 405 மில்லிசெகண்ட். டெர்மினல்ல "கொயரி ஓடுது" ரெண்டு வாட்டி. 7 மில்லிசெகண்டுக்கா தம்பி இந்த ஆர்ப்பாட்டம்?

நோட்ராஜா:
முதல்ல தம்பின்னு கூப்பிடுறத நிறுத்துங்க. 11 வருஷமா பேக்கெண்ட் பாக்குறேன். உங்க லேப்டாப்ல நீங்க பாத்தது உங்களுக்கு, என் ப்ரொடக்‌ஷன்ல நிஜ யூசருங்க வர்ற சர்வர்ல, நான் பாத்தது எனக்கு. 304-ல கொயரி ஓடல, அவ்ளோதான்.

மீனா_பில்ட்:
ஸ்பிரிங்ல (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஷாலோ ஈடேக் ஹெடர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. ரெஸ்பான்ஸை முழுசா பஃபர் பண்ணி எம்டி5 (ஒரு ஹாஷ் முறை) எடுத்து 304 குடுக்கும். நெட்வொர்க் மிச்சமாகும், சிபியூ மிச்சமாகாதுன்னு அதோட டாக்குமெண்ட்லயே போட்டிருக்கு. ஷாலோன்னு பேர் வெச்சதே அதுக்குத்தான். எக்ஸ்பிரஸும் அதேதான் பண்ணுது, இதுல வைகை சொல்றது சரி. ஆனா 184 கேபி-ய வேஸ்ட்னு ஏன் தள்ளுறீங்க? எங்க ஆப்பை ஃபீல்டுல யூஸ் பண்றவங்களுக்கு மலைப்பக்கம் போனா சிக்னல் ஒரு கோடுதான், அங்க அந்த 184 கேபி வர்றதுக்குள்ள டீ ஆறிடும்.

வைகைக்கரை:
மீனா, வேஸ்ட்னு நான் எங்க சொன்னேன்? டேட்டாபேஸ் லோட் குறையும்னு சொன்னதுதான் தப்புன்னேன். இன்னொண்ணு, ஜிஸிப் போட்டு (சுருக்கி) அனுப்பினா அந்த 184 என்கிட்ட 23 கேபி ஆயிடுது, அதையும் கணக்குல சேருங்க.

நோட்ராஜா:
ஜாவாக்காரங்க வந்துட்டாங்க, இனி உருப்பட்ட மாதிரிதான். நான் பேசுறது நோட், எக்ஸ்பிரஸ் ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் சர்வர். நான் போட்ட லைப்ரரி ஏபிஐகேஷ் மிடில்வேர், ரூட்ல (அந்த யூஆர்எல்லுக்கான கோட்ல) '5 நிமிஷம்'னு ஒரே வரி. அதுக்கப்புறம் 304 வருது, கொயரி ஓடல. லாக் வேணுமா, இந்தாங்க: காலைல 10 மணிலருந்து 10:05 வரைக்கும் அந்த எண்ட்பாயிண்ட்டுக்கு 900 ரிக்வெஸ்ட், கொயரி 1. ஒண்ணே ஒண்ணு. இப்ப என்ன சொல்றீங்க?

வைகைக்கரை:
ஆ, இப்ப வெளிய வந்துச்சு பாருங்க! ஏபிஐகேஷ் ரெஸ்பான்ஸை மெமரில எடுத்து வெச்சுக்குது, அஞ்சு நிமிஷத்துக்கு உங்க ஹேண்ட்லரையே கூப்பிடாது. கொயரி ஓடாததுக்குக் காரணம் அந்த மெமரி. ஈடேக்கைத் தூக்கிட்டு 900-க்கும் 200-ஏ அனுப்பினாலும் உங்க கொயரி 1-தான். 304-க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மழை வந்தப்ப நான் குடையோட நின்னேன், அதனால என் குடைதான் மழையக் கொண்டுவந்துச்சுன்னு சொல்றீங்க.

நோட்ராஜா:
304 வந்துச்சா? வந்துச்சு. கொயரி ஓடுச்சா? ஓடல. அப்ப நான் சொன்னதுல தப்பு எங்க?

கார்த்தி_டெவ்:
அண்ணே ஒரு சின்ன டவுட்டு, எங்க லீட் கேஷ்-கண்ட்ரோல்ல (பதிலை எடுத்து வெக்கலாமான்னு சொல்ற ஹெடர்) நோ-கேஷ் போடச் சொன்னார். அது போட்டா கேஷே ஆகாதா?

நோட்ராஜா:
ஆகாது கார்த்தி. பேர்லயே இருக்கே, நோ-கேஷ்.

வைகைக்கரை:
ஐயையோ, கார்த்தி, அவர் சொல்றத எடுத்துட்டுப் போய் ப்ரொடக்‌ஷன்ல போட்டுடாதீங்க. நோ-கேஷ்னா எடுத்து வெச்சுக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் சர்வர்கிட்ட கேட்காம அதைக் குடுக்கக் கூடாது. எடுத்தே வெக்கக் கூடாதுன்னா நோ-ஸ்டோர். 2022-ல வந்த ஆர்எஃப்சி 9111-ல (ஹெச்டிடிபி கேஷுக்கான விதிமுறை ஆவணம்) தெளிவா இருக்கு, அதுக்கு முன்னாடி 2014-ல வந்த 7234-லயும் இதேதான். ஈடேக்குக்கு உண்மையான வேலையே நோ-கேஷ் இருக்கிற இடத்துலதான், கிளையண்ட் ஒவ்வொரு தடவையும் வந்து "மாறிடுச்சா"ன்னு கேட்கும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் நீங்க கொயரி ஓட்டித்தான் பதில் சொல்லணும். பழையபடி அதே இடத்துக்கு வந்துட்டோம் பாருங்க.

தமிழ்நிரல்:
அது என்னங்க எல்லாரும் கேஷ் கேஷ்னு காசு மாதிரி எழுதுறீங்க, சில பேர் கேச்-ன்னு எழுதுறாங்க. இடைமாற்றுன்னு அழகா ஒரு சொல் இருக்கே, எழுதினா விரலா தேஞ்சுடும்?

கார்த்தி_டெவ்:
மீட்டிங்ல இடைமாற்றுன்னா டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடுச்சான்னு கேப்பாங்கண்ணே.

தமிழ்நிரல்:
சொல்லிச் சொல்லித்தான் பழகும் தம்பி. மின்னஞ்சல்னு சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க.

நோட்ராஜா:
இங்க ப்ரொடக்‌ஷன் பிரச்சனை பேசிட்டிருக்கோம், தமிழ் வகுப்பைத் தனித் திரில வெச்சுக்கங்க. வைகை, போன வருஷம் ரெடிஸ் (மெமரில ஓடுற தனி டேட்டாபேஸ்) திரிலயும் இப்படித்தான் ஆர்எஃப்சி நம்பரா அடுக்கினீங்க. கடைசில உங்க பதிலையே அழிச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கா?

வைகைக்கரை:
அழிச்சது மாடரேட்டர், நான் இல்ல. அப்ப நீங்க என்னை என்ன வார்த்தை சொன்னீங்கன்னு ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. அதைப் பேச வேணாம்னுதான் இவ்வளவு நேரம் பொறுமையா இருக்கேன். சரி, உங்க ப்ரொடக்‌ஷன்லயே நிக்கலாம். ஏபிஐகேஷுக்கு சாவி என்ன, அதாவது எதை வெச்சு பழைய பதிலைத் தேடி எடுக்குது? நீங்க வேற எதையும் சேர்க்கலைன்னா வெறும் யூஆர்எல்தான். ஆத்தரைசேஷன் ஹெடரை (கேட்கிறவர் யார்னு காட்டுற டோக்கன்) அது பாக்காது. "என் ஆர்டர்கள்"னு ஒரே யூஆர்எல்லுக்கு ஆயிரம் பேர் அவங்கவங்க டோக்கனோட வந்தா, முதல்ல வந்தவரோட லிஸ்ட்தான் அஞ்சு நிமிஷத்துக்கு எல்லாருக்கும் போகும். அந்த ஒரே வரியை எந்த ரூட்ல போட்டிருக்கீங்க? அப்புறம், டீஃபால்ட்டா அது ப்ராசஸ் மெமரிலதான் வெக்கும். கிளஸ்டர் மோட்ல நாலு ஒர்க்கர் (அதே ஆப்போட நாலு தனி ப்ராசஸ்) ஓட்டினா நாலு தனித்தனி கேஷ், ஒண்ணுல அழிச்சா மீதி மூணும் பழசையே குடுத்துட்டிருக்கும். ரெடிஸ்ல வெச்சாத்தான் பொதுவா இருக்கும்.

மீனா_பில்ட்:
அந்த சாவி விஷயம் எனக்கு நடந்திருக்கு. லைப்ரரி வேற, தப்பு எங்களோடதுதான். ஒரு கஸ்டமர் போன் பண்ணி, "என் அக்கவுண்ட்ல வேற யாரோ ஒரு அம்மாவோட அட்ரஸ் வருதே"ன்னார். எதிர்ல இருந்த டெஸ்டர் அக்கா முகம் வெளுத்துப் போச்சு. ராத்திரி ரெண்டரை மணிக்கு சர்வரை நிறுத்தி கேஷ் முழுக்க அழிச்சோம். அதுக்கப்புறம் யூசர் சம்பந்தப்பட்ட எல்லா ரூட்லயும் பிரைவேட், நோ-ஸ்டோர்னு போட்டோம், சர்வர் பக்க கேஷை பொது லிஸ்ட்டுகளுக்கு மட்டும் விட்டோம். ஆர்எஃப்சிப்படியே பொது கேஷ் (பல பேருக்குப் பொதுவா எடுத்து வெக்கிறது), ஆத்தரைசேஷன் இருக்கிற ரிக்வெஸ்ட்டோட ரெஸ்பான்ஸை சர்வர் வெளிப்படையா அனுமதிக்காம மறுபடி குடுக்கக் கூடாது. லைப்ரரி அதை மதிக்குதான்னு நாமதான் பாக்கணும். ராஜா சார், நிஜமாவே கேக்குறேன், உங்க ரூட் எது?

நோட்ராஜா:
எங்க ரூட்டெல்லாம் வெளிய சொல்ல முடியாது மேடம். பாத்துத்தான் போட்டிருக்கோம். திரி 304-ஐப் பத்தி, அதுல நில்லுங்க.

கார்த்தி_டெவ்:
அப்ப கொயரியும் ஓடாம 304-உம் குடுக்க வழியே இல்லையாண்ணே?

வைகைக்கரை:
இருக்கு. பாடியை ஹாஷ் பண்ணாதீங்க. டேபிள்ல வெர்ஷன் நம்பரோ அப்டேட்டட்-அட் காலமோ வெச்சிருப்பீங்கல்ல, முதல்ல அதை மட்டும் ஒரு சின்ன கொயரில எடுத்து ஈடேக் ஆக்குங்க. கிளையண்ட் அனுப்பினதும் அதுவும் ஒண்ணுன்னா அங்கயே 304 குடுத்துட்டு வெளிய வந்துடுங்க, பெரிய ஜாயின் (பல டேபிளைச் சேர்க்கிற கொயரி) ஓடவே ஓடாது. ரெயில்ஸ்ல (ரூபி ஃப்ரேம்வொர்க்) ஃப்ரெஷ்-வென் இதைத்தான் செய்யுது. லாஸ்ட்-மாடிஃபைட் மட்டும் நம்பாதீங்க, அது செகண்ட் கணக்குதான், ஒரே செகண்டுல ரெண்டு அப்டேட் வந்தா ரெண்டாவது கணக்குல வராம போயிடும். இப்படி எழுதினாலும் அந்த சின்ன கொயரி ஓடும், கார்த்தி, ஞாபகம் வெச்சுக்கங்க. சும்மா வராது 304.

நோட்ராஜா:
பாத்தீங்களா, இப்ப அவரே சொல்றார் பெரிய கொயரி ஓடாதுன்னு. நான் முதல்லருந்து சொன்னது அதைத்தானே?

வைகைக்கரை:
நீங்க சொன்னது லைப்ரரி போட்டா தானா வரும்னு. நான் சொல்றது கையால எழுதணும்னு. படிக்கத் தெரிஞ்ச யாராவது இந்தத் திரியை மேலருந்து படிங்கப்பா.

தமிழ்நிரல்:
மேலருந்து படிச்சேன். கேஷ்னு பத்து தடவைக்கு மேல இருக்கு.

நோட்ராஜா:
900 ரிக்வெஸ்ட், 1 கொயரி. லாக் இருக்கு. முடிஞ்சுது.

வைகைக்கரை:
ஏபிஐகேஷைத் தூக்கிட்டு ஈடேக் மட்டும் வெச்சு அதே 10 மணிக்கு நாளைக்கு ஓட்டிட்டு அந்த லாக்கைப் போடுங்க. காத்திருக்கேன்.

நோட்ராஜா:
ப்ரொடக்‌ஷன்ல உங்களுக்காக விளையாட முடியாது.

வைகைக்கரை:
ஸ்டேஜிங்ல (சோதனை சர்வர்) போடுங்க. ஸ்டேஜிங் இருக்குல்ல?