லெந்து நாளும் ரமலானும் சேர்ந்து வருகிறது: பக்கத்துப் பள்ளிவாசலோடு எப்படிப் பேசத் தொடங்குவது?

கேள்வி (குன்னூர்)

எங்கள் சபைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு தெருதான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்துவதில் தகராறு. சபை வாட்ஸ்அப் குழுவில் முஸ்லிம்களைப் பற்றி நாள்தோறும் ஏதாவது ஒரு வெறுப்புச் செய்தி. 2027ல் லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம்) தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ரமலான் பிறையும் அதை ஒட்டியே வரும். நோன்பு திறக்க அவர்களை அழைக்கலாம் என்கிறது வாலிபர் ஐக்கியம். கமிட்டியில் பாதிப்பேர், இது சுவிசேஷத்தை விட்டுக்கொடுப்பது என்கிறார்கள். எதில் தொடங்குவது? எங்கே தப்பு நடக்கும்?

பதில் 1 (கோத்தகிரி)

சகோதரருக்கு ஸ்தோத்திரம். அழைப்பு அப்புறம். முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவைச் சரிசெய்யுங்கள். அங்கே வசை ஓட, இங்கே கஞ்சி ஊற்றினால் அது நடிப்பு. அவர்களுக்கும் அது தெரியும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை ஃபார்வர்டுக்கும் பொருந்தும் என்று ஆயரே பீடத்திலிருந்து சொல்லட்டும். போடுகிறவர் ஊர், தேதி, வெளியான பத்திரிகை மூன்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அட்மின் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். ஆளைக் குழுவில் வைத்துக் கண்டிக்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். சபையில் முகம் சுண்டிப்போனவர் மறுநாளே தனிக் குழு தொடங்கிவிடுவார்.

அதேசமயம், உண்மையை மறைத்தும் சமாதானம் பண்ண முடியாது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1784ல் மங்களூர்க் கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்தது நடந்த விஷயம், யாராவது எடுத்தால் மறுக்க வேண்டாம். 1799ல் அவர் வீழ்ந்தார். சீரங்கப்பட்டினத்து மாளிகைத் தேக்கு உத்தரங்கள்தான் பிற்பாடு ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக்கு வந்தன. நாம் தலைக்கு மேலே வைத்து ஜெபிக்கிற மரம் அது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் யோசிப்பார்.

பிறகு ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த மக்கள்) தலைவரையோ, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியையோ பாருங்கள். இமாம் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருப்பவர், அவரை மட்டும் கேட்டால் அவருக்குச் சங்கடம். மூன்று பேர் போதும், அதில் ஒரு பெரியவர் இருக்கட்டும். வெள்ளி மதியம் வேண்டாம். அஸர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்த நேரம் நல்லது. கைப்பிரதி, கேமரா எடுத்துப் போகாதீர்கள். அரசியல்வாதி யாரையும் கூட்டிப் போகவே கூடாது, மேடை அவருடையதாகிவிடும்.

பதில் 2 (ஊட்டி, ஜமாஅத் வேலைகளில் இருப்பவன்)

இந்த மலையில் உருது, தமிழ், மலையாளம் பேசும் ஜமாஅத்கள் தனித்தனியே உண்டு. ஒன்றை மட்டும் அழைத்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். மலையாள ஜமாஅத்கள் கேரளப் பிறையைப் பார்ப்பதால் நோன்பு ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆகவே முதல் நாளையும் பெருநாளை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். ரமலானின் கடைசிப் பத்து நாளில் இரவு வணக்கம் கூடும், ஆட்கள் வர மாட்டார்கள். நடுப் பத்து நாளில் ஒரு வார நாள் சரியாக வரும்.

மலையில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரம் மறைந்துவிடும். அதை நம்பிப் பரிமாறாதீர்கள். பள்ளிவாசல் அட்டவணையில் உள்ள மஃக்ரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நேரம்தான் கணக்கு, பிப்ரவரியில் ஆறரையை ஒட்டி வரும். முதலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும், பத்து நிமிடத்தில் தொழுகை. இதற்கு ஆலயத்துக்குள் வேண்டாம், சபை ஹாலே போதும். சுத்தமான ஜமுக்காளம் விரித்து, மக்காவை நோக்கித் தொழ மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி வடக்கே திருப்பிப் போடுங்கள். முன்னால் படம், சிலுவை இல்லாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளு செய்ய (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ) வெந்நீரும், வழுக்காத தரையும் வேண்டும். பெண்களுக்குத் தனி இடம். அவர்களை உங்கள் பெண்கள் ஐக்கியம் வீடு வீடாகப் போய் அழைத்தால்தான் வருவார்கள். பேச்சு எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு. பகலெல்லாம் பட்டினி கிடந்தவரை உரை கேட்க வைக்காதீர்கள்.

பதில் 3 (கொடைக்கானல், சமையல் பற்றி)

காய்கறிக் கஞ்சியே வையுங்கள். ஹலால் கேள்வியும் எழாது, லெந்து நாளில் கறி தவிர்ப்பவர்களும் சாப்பிடலாம். நூறு பேருக்குப் பச்சரிசிக் குருணை 4 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, வெந்தயம் 100 கிராம், தேங்காய் 8, இஞ்சி பூண்டு, புதினா, மல்லி, கேரட். நம் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் பருப்பு வேகாமல் இழுக்கும், அடியும் பிடிக்கும். குருணையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பருப்பைக் குக்கரில் தனியே வேகவைத்துச் சேருங்கள். தேங்காய்ப்பால் அடுப்பை அணைத்த பிறகுதான், இல்லாவிட்டால் திரியும். பன்றிக்கறி சமைத்த பாத்திரம் வேண்டாம், வாடகைப் பாத்திரமானாலும் கேட்டு வாங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கொடுக்கிற பிளம் கேக்கையும் கவனியுங்கள். பழங்களை ரம்மில் ஊறவைத்திருந்தால் கொடுக்கவே கூடாது, ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்ததாக இருக்கட்டும். ஹோம்மேட் சாக்லேட்டிலும் ரம் சேர்த்த வகை உண்டு, பார்த்து வாங்குங்கள்.

பதில் 4 (கூடலூர்)

கமிட்டியின் பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லாதீர்கள், இருதரப்பிலும் யாரும் அதை நம்புவதில்லை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் (மரியாள்) என்றே பெயர். ஈஸா நபி (இயேசு) கன்னியிடம் பிறந்ததை அவர்கள் ஏற்கிறார்கள். சிலுவை மரணத்தைக் குர்ஆன் 4:157 மறுக்கிறது. நமக்கோ அதுதான் அஸ்திவாரம். இதை நேராகச் சொல்லலாம். நட்பு அதனால் முறியாது. 2007 அக்டோபர் 13ல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதியபோது பொதுவாக எடுத்துக்கொண்டவை இரண்டு: தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு. உங்கள் முதல் கூட்டத்துக்கும் அந்த இரண்டு போதும்.

யாராவது விசுவாசத்தைக் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள். கேட்காதவருக்குச் சோற்றோடு சேர்த்துப் பிரசங்கம் வைக்காதீர்கள். அது சுவிசேஷத்துக்கே இழுக்கு. அவர்களுக்கும் தஅவா (இஸ்லாத்துக்கு அழைப்பது) கடமை உண்டு. சேர்ந்து நடத்தும் இடத்தில் இருதரப்பும் அழைப்புப் பணி செய்வதில்லை என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. வண்டி விஷயம்தான் மிச்சம். அதுதான் தினசரி எரிச்சல்.

பதில் 1 (கோத்தகிரி)

வெள்ளி பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை உங்கள் வளாகம் காலி. திறந்துவிடுங்கள், வாசலில் இருதரப்பிலும் ஒவ்வொருவர் நிற்கட்டும். ஞாயிறு காலை அவர்கள் இடத்தைக் கேளுங்கள். துக்க வீடு, திருமணம் வந்தால் முந்தின நாளே போனில் சொல்லிக்கொள்ள இரண்டு எண்கள் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதே எண்களோடு இன்னொரு பட்டியலும் போடுங்கள்: மண் சரிந்தால் எந்த ஹாலில் எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம், கம்பளி எங்கே. 2009 நவம்பரில் குன்னூர்ப் பக்கம் சரிவு வந்த வேகம் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.