நீலகிரி உயரத் தரவில் பவர் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீள ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு): சராசரி எங்கே தப்பாகிறது? அனுபவங்களைப் பகிருங்கள்

குன்னூர்வாசி:
மேட்டுப்பாளையம் 300 மீட்டர், ஊட்டி 2200. இப்படி மேடும் அடிவாரமும் தரவிலிருந்து வெட்டிய ஒரே சதுரத்தில் விழுந்து, அதை அப்படியே எஃப்எஃப்டிக்கு (தரவை அலைகளாகப் பிரிக்கும் கணக்குமுறை) கொடுத்தால் படத்தின் நடுவே பளிச்சென்று ஒரு சிலுவை வரும். மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஃப்எஃப்டிக்குச் சதுரத்தின் எதிரெதிர் ஓரங்கள் ஒட்டியவை. அங்கே உயரமான ஒரு சுவர் முளைத்துவிடுகிறது. சராசரியை மட்டும் கழித்தால் சுவர் போகாது. சாய்தளம் பொருத்திக் கழித்து, இரு திசையிலும் ஹான் விண்டோவால் (ஓரங்களை மெல்லப் பூஜ்யமாக்கும் எடை) பெருக்குங்கள். அதில் குறையும் ஆற்றலை ஈடுகட்ட, ஸ்பெக்ட்ரத்தை 0.1406ஆல் (0.375 × 0.375) வகுக்க வேண்டும்.

எஸ்ஆர்டிஎம் தரவை (விண்வெளி ஓடத்தின் ரேடார் அளந்த உயரங்கள்) முதலில் யுடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) 43 வடக்கு மண்டலத்துக்கு, 30 மீட்டர் கட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். 512 × 512 சதுரம் 15.36 கி.மீ. வரும்.

அவலாஞ்சி:
சார், அதற்கும் முன்னால் வெற்றுப் பிக்சலைத் தேடுங்கள். உயரம் கிடைக்காத இடத்துக்கு வைக்கும் குறியீடான மைனஸ் 32768 ஒன்றே ஒன்று மாட்டினால் போதும்: 2200 மீட்டர் தரையிலிருந்து கிட்டத்தட்ட 35,000 மீட்டர் பள்ளம். அந்த ஒரு பிக்சலே சதுரத்தின் மாறுபாட்டில் (வேரியன்ஸ்) 4,660 சதுர மீட்டரைக் கூட்டிவிடும். அது எல்லா அலைநீளத்திலும் சமமாகப் பரவுவதால், அலைநீளத்துக்கு எதிராகப் பவரை வரைந்தால் சிற்றலைப் பக்கம் கோடு இறங்காமல் தட்டையாக நிற்கும்.

சரிபார்க்க: எஃப்எஃப்டி மதிப்பின் வர்க்கத்தை 30² ஆல் பெருக்கி 512² ஆல் வகுங்கள். அதன் கூட்டுத்தொகையை 1/15360 இன் வர்க்கத்தால் பெருக்கினால், விண்டோ போடாத நிலையில், சாய்தளம் கழித்த தரவின் மாறுபாடு அப்படியே வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

கோத்தகிரி:
சராசரி பவரில்தான் எடுக்க வேண்டும், டெசிபலில் அல்ல. பிக்சல் பிக்சலாக லாக் எடுத்துச் சராசரி போட்டால் 2.5 டெசிபல் குறைவாக வரும். உண்மையில் 56 சதவீதம்தான் மிஞ்சும். ஸ்பெக்ட்ரம் படத்தில் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள கட்டங்களை வளையமாகச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம்: முதல் வளையத்தில் 8 கட்டங்கள், எதிரெதிர்க் கட்டங்கள் ஒன்றே என்பதால் தனித்தவை 4. பிழை 50 சதவீதம். ஒன்றன்மேல் ஒன்று விழாத 4 சதுரங்களைச் சேர்த்தால் 25க்கு இறங்கும். ஆனால் பர்லியார்ச் சரிவையும் குந்தா மேட்டுநிலத்தையும் கலக்காதீர்கள். சரிவின் பவர் மற்றதை விழுங்கிவிடும். தனித்தனியாகவே சராசரி எடுங்கள்.

குன்னூர்வாசி:
வளையத்தின் சராசரியா, கூட்டுத்தொகையா என்பதையும் எழுதிவையுங்கள். லாக்-லாக் வரைபடத்தில் கோட்டின் சாய்வில் 1 வித்தியாசம் வரும்.

அவலாஞ்சி:
எமரால்டு அணை நீர்ப்பரப்பு தரவில் தட்டையாக்கப்பட்டிருக்கும். அந்தச் சதுரத்தை விடுங்கள். சோலை, தைலமரத் தோப்பு இருக்கும் இடத்தில் ரேடார் பார்த்தது தரையை அல்ல, மரத்தலையை. 60 மீட்டர் அலைநீளம் வரை கணக்கு வந்தாலும், 120க்குக் கீழே கோடு பொருத்த வேண்டாம்.