'வட்டாரங்கள் தெரிவித்தன': ஆகுபெயர் பொருளில் என்ன செய்கிறது?

கேள்வி

பள்ளியில் ஆகுபெயர் 16 வகை என்று ஒப்பித்ததோடு சரி. இப்போது செய்திகளுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பதால், 'வெள்ளை மாளிகை மறுத்தது', 'மேலிடம் முடிவெடுக்கும்', 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' போன்ற தொடர்கள் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. இடவாகுபெயர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் 'வட்டாரங்கள்' என்று படித்தவுடன், சொன்னவர் யார் என்று கேட்கும் எண்ணமே எழாமல் போய்விடுவதைப் பார்த்தால், பெயர் மாறும்போது பொருளிலும் ஏதோ நடக்கிறது என்று தோன்றுகிறது. அது என்ன? கூடவே ஒரு சிறு ஐயம்: 'வெள்ளை மாளிகை மறுத்தது' என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தை 'அவர்கள்' என்று தொடங்கலாமா?

பதில் 1

நன்னூல் ஆகுபெயருக்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு இயைபுடைய இன்னொன்றுக்கு ஆக வேண்டும்; அது தொன்றுதொட்டு வழங்கிவர வேண்டும். இந்த இயைபுதான் நீங்கள் கேட்பதற்கு விடை. ஒருவருக்கு அவர் இருக்கும் இடம், கையாளும் கருவி, வகிக்கும் பதவி, செய்யும் தொழில் எனப் பல இயைபுகள் உண்டு. அவற்றுள் எதைப் பெயராக எடுக்கிறோமோ, அந்தப் பக்கமாகவே படிப்பவர் அவரைப் பார்க்கிறார். 'மேலிடம்' என்ற சொல்லில் ஆள் இல்லை, உயரம் மட்டுமே இருக்கிறது.

தொன்மை என்பதை மட்டும் நான் சற்றுத் தளர்த்திக்கொள்வேன். மருத்துவமனையில் ஒரு செவிலியர் இன்னொருவரிடம், '12ஆம் படுக்கைக்கு ஊசி போட்டாயிற்றா?' என்று கேட்கிறார். படுக்கைக்கு யாரும் ஊசி போடுவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்த நோயாளி வீடு திரும்பிய மறுநாளே அதே சொல் வேறொருவருக்கு ஆகிவிடும். அந்தக் கூடத்துக்கு வெளியே அது செல்லாது. உள்ளே இருப்பவர்களுக்கோ அதைவிடத் தெளிவான பெயர் கிடையாது.

பதில் 2

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வினைமுற்றைப் பாருங்கள். உலகம் என்ற சொல் மக்களைக் குறித்தாலும் அஃறிணை முடிபே கொள்ளும் என்பதைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலே சொல்லிவிட்டது. ஆகவே 'உலகம் சிரித்தது' என்கிறோம், சிரித்தவர்கள் மனிதர்களே. ஆனால் உவமையாகுபெயரான 'பாவை வந்தாள்' என்பதில், பொம்மையைக் குறிக்கும் பாவை பெண்ணுக்கு ஆகி, தன் அஃறிணையை விட்டுவிடுகிறது. நம் இலக்கணம் ஒரே தலைப்பில் வைத்த இவற்றை, மேலை மொழியியல் தனித்தனியாகப் பிரிக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1956இல், ஒப்புமையும் ('பாவை' போல) அண்மையும் ('உலகம்' போல) மொழி இயங்கும் இருவேறு அச்சுகள் என்றார். மூளைப் பாதிப்பால் ஒப்புமைத் திறன் குன்றிய சிலர், கத்திக்கு முள்கரண்டி என்றும், விளக்குக்கு மேசை என்றும் அருகிலுள்ளவற்றின் பெயரைச் சொன்னதை அவர் சான்றாகக் காட்டினார். அவர் பிரித்த அந்தக் கோடு நம் வினை விகுதியிலேயே தெரிகிறது என்பது என் எண்ணம்.

பதில் 3

இரண்டாம் பதிலின் முடிவை முழுதாக ஏற்க முடியவில்லை. பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி, 'கறுப்புக் கண்ணாடி வந்துவிட்டார்' என்று பேச்சில் சொல்கிறோமே, அதில் ஒப்புமை ஏதும் இல்லை, வினையோ உயர்திணை. ஆகவே கோடு வேறு இடத்தில் விழுகிறது. பெயர் தனி ஆளைச் சுட்டினால் வினை அந்த ஆளோடு போகிறது. நிறுவனத்தையோ கூட்டத்தையோ சுட்டினால் அஃறிணையிலேயே நின்றுவிடுகிறது. வட்டாரங்கள் 'தெரிவித்தன' என்று முடியும் இடத்தில்தான் பொறுப்பும் கரைகிறது. ஒருவேளை அந்த வட்டாரங்கள் ஒரே ஒருவராகக்கூட இருக்கலாம்!

அதற்காக ஆகுபெயரே மறைப்பு வேலை என்று சொல்லிவிட முடியாது. 'கார் அறுத்தான்' என்பதில் கருமை மேகத்துக்கும், மேகம் பருவத்துக்கும், பருவம் பயிருக்கும் பெயராகி, மூன்று படி தாண்டிய மும்மடியாகுபெயராக நிற்கிறது. அங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை.

'அவர்கள்' என்று தொடங்குவதை நான் திருத்திவிடுவேன். 'வெள்ளை மாளிகை மறுத்தது' என்பதை அடுத்து, 'செய்தித் தொடர்பாளர் கூறினார்' என்று ஆளைக் கொண்டுவாருங்கள். திணையும் பிசகாது, பேசியவரும் தெரிவார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மேசைக்கு வந்த ஒரு செய்தியில் 'வட்டாரங்கள்' நான்கு இடங்களில் இருந்தன. எழுதிய செய்தியாளரிடம் கேட்டபோது, நான்கும் ஒரே அதிகாரி என்றார்; பெயர் வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டிருந்ததால், 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர் தெரிவித்தார்' என்று நான்கையும் மாற்றினோம்.