பேருந்து வருவது தலைக்கணக்கிலா, வசூலிலா?

பேராவூரணி_செந்தில்
எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. மக்கள்தொகைக்கு இன்னும் 2011 கணக்குதான். அதற்குக் கீழே "பேருந்து வசதி உண்டு" என்று ஒரே வரி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதைத்தான் வசதி என்கிறார்கள். அந்தக் கணக்கே குறைச்சல். கணக்கெடுப்பு நடந்த 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஊர்ப்பக்கமே வராதவர்களைச் சேர்க்கவில்லை. எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் அப்போது இங்கே சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தார்கள். சரியாக எண்ணியிருந்தால் பஸ் கூடுதலாக வந்திருக்கும்.

ஜூரோங்_ரவி
தம்பி, இங்கே துவாஸில் வெல்டிங் வைக்கிறவனை ஊரில் எண்ணி, அவனுக்கு ஒரு பஸ் விடச் சொல்கிறீர்களா? தலைக்கணக்கு பார்த்து வருவது சாலை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக்கு 500 பேர், மலைப்பகுதிக்கு 250 பேர் என்று வரம்பு. அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வந்தாயிற்று, படம் போட்டீர்களே. பஸ்ஸுக்கு டிப்போவில் பார்ப்பது வசூல். அதுசரி, தீபாவளிக்குப் போனபோது நீங்கள் பஸ்ஸிலா போனீர்கள்?

பேராவூரணி_செந்தில்
திருச்சியில் இறங்கியதும் டாக்ஸிதான் அண்ணே. ராத்திரியில் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸைத் தேடுவது? பஸ் இல்லை என்று ஊரில் ஒவ்வொருவனும் பைக் வாங்குகிறான். பைக் வந்ததும் வசூல் இல்லை என்று டிரிப்பை வெட்டுகிறார்கள். இங்கே லிம் சூ காங் சாலைக் கடைசிவரை 975-ஆம் எண் பஸ் போகிறதே, அங்கே இருப்பது பண்ணையும் கல்லறையும். வசூல் பார்த்தா விட்டார்கள்?

ஜூரோங்_ரவி
இங்கே 2016-லிருந்து பஸ் கட்டணம் அரசுக்குப் போகிறது, ஓட்டுகிற நிறுவனத்துக்கு அரசு தனியாகக் கூலி தருகிறது. வெற்று பஸ் ஓடினாலும் நிறுவனத்துக்குக் கவலை இல்லை. அந்த ஏற்பாட்டை ஊரில் யார் செய்வது?

யீஷூன்_மீனா
கொஞ்சம் செய்திருக்கிறார்கள் ரவி அண்ணே. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு ஈடாகப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு பணம் தருகிறது. நீங்கள் இருவரும் பைக், டாக்ஸி என்றே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு இரண்டும் ஆகாது. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார், அதை எண்ணினாலே யார், எந்த நேரத்தில் ஏறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். 2025 ஜூனில் வந்த புது மினி பஸ் திட்டமும் இருக்கிறது. ஆனால் அது தனியார் வண்டி, காசு கொடுக்க வேண்டும். அம்மா அதை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்!

புக்கிட்_பாத்தோக்_கனி
ரயிலை மறந்துவிட்டீர்களே. செந்தில் சொன்ன இணையப் பக்கத்தில் "அருகிலுள்ள ரயில் நிலையம்: பேராவூரணி" என்று கட்டாயம் இருக்கும். 2019-இல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை முழுதாகத் திறந்தது. அப்போது கேட் கீப்பர் இல்லை. ரயில் கேட்டுக்கு முன்னால் நிற்கும், உள்ளிருந்து ஓர் ஆள் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். ரயில் கடந்துபோய் மறுபடி நிற்கும், திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அப்போது ஒவ்வொரு கேட்டிலும் இப்படித்தான் நடந்தது. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆனது. இதில் மக்கள்தொகை எங்கே வந்தது?

பேராவூரணி_செந்தில்
சரி, அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள். அதிலும் எங்களைச் சேர்க்கப் போவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் கணக்கில் இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

யீஷூன்_மீனா
அது வேறு வழக்கு தம்பி. பஸ் வேண்டுமானால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஊரில் எத்தனை பேர் என்று எழுத வேண்டாம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஒரு டிரிப் என்று எழுதுங்கள்.

ஜூரோங்_ரவி
டிப்போவில் அரை மணி தள்ளித்தான் விடுவார்கள். இருந்தாலும் கேளுங்கள்.